எல்லாப் பாதைக்கும் ஒரே பற்சக்கரம்

கந்தப்பளையிலிருந்து இராகலைக்குச் செல்லும் வீதியோரத்தில் ஒரு சிறிய கராஜ் உண்டு. உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் ஏற்றிச் செல்லும் லொறிகளே அங்கு வழக்கமாக வந்து நிற்பவை. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் அவ்வழியே நடந்து வந்த நான், அந்த லொறிகளுக்கு நடுவே பின் சக்கரங்கள் கழற்றப்பட்டு மரக்கட்டைகளின்மீது நின்ற பழைய அமெரிக்க மோட்டார் வண்டி ஒன்றைக் கண்டு சற்றே நின்றேன். 1930 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட போர்ட் வண்டி அது. ஏ மாதிரி என்று அதனைச் சொல்வார்கள். அதன் அடியிலிருந்து எண்ணெய் படிந்த முகத்தோடு எழுந்து வந்தவன் என் பழைய மாணவன். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, சேர் என்று அழைத்து வணங்கி, நான் அமர்வதற்கு ஒரு பலகையையும் எடுத்துப் போட்டான்.

முப்பது ஆண்டுகள் இந்த மலைப்பகுதியில் கணிதம் படிப்பித்தவன் நான். அந்த மாணவனையும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. விகிதசமன் என்னும் பாடத்தில் மூன்று தவணைகளிலும் தவறியவன். ஒன்பதாம் வகுப்போடு பாடசாலையை விட்டு நின்றுவிட்டவன். அவனோ இப்பொழுது ஒரு பலகைமீது இரண்டு சோடிப் பற்சக்கரங்களை வைத்துக்கொண்டு எனக்கு விகிதம் விளக்கினான்.

இயந்திரத்திலிருந்து பின்னோக்கி வரும் தண்டின் முனையில் 9 பற்களுள்ள ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதற்குப் பினியன் என்று பெயர். அது பின் அச்சிலுள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரிய சக்கரத்தின் பெயர் கிரவுன். கிரவுனில் 34 பற்கள் இருக்குமானால், தண்டு 3.78 முறை சுற்றும்போது வண்டிச் சக்கரம் ஒருமுறை சுற்றும். 37 பற்கள் இருக்குமானால் தண்டு 4.11 முறை சுற்ற வேண்டும். இரண்டாவது சோடியைப் பூட்டினால் வண்டியின் இழுவை நூற்றுக்கு 9 பங்கு கூடும். ஆனால் இயந்திரம் அதே வேகத்தில் சுழலும்போது வண்டியின் ஓட்டம் நூற்றுக்கு 8 பங்கு குறையும். ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெற வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் பற்சக்கரம் உலகில் இல்லை.

வண்டியின் உரிமையாளர் கொழும்பில் வாழ்ந்து, ஓய்வுக்குப் பின் நுவரெலியாவிற்குக் குடிவந்தவர். இறம்பொடை ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றுவிடுகிறது என்பது அவருடைய முறைப்பாடு. இயந்திரத்தில் குறை என்று கருதி அதனைப் பல இடங்களில் பிரித்துப் பார்த்தும் பயனில்லையாம். என் மாணவன் இயந்திரத்தைத் தொடவே இல்லை. இனி இந்த வண்டி எந்தப் பாதையில் ஓடப்போகிறது என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டானாம். மலைப்பாதையில்தான் என்று விடை வந்ததும், 34 பல் சோடியைக் கழற்றி 37 பல் சோடியைப் பூட்டத் தீர்மானித்துவிட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் எளிதில் வரவில்லை. அந்த வண்டியின் முகப்பிலே பொறித்திருந்த பெயரை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் அந்தப் பெயருக்குரிய மனிதரின் வாழ்க்கையை நான் அதுவரை ஒரு வெற்றிக் கதையாகவே மாணவர்களுக்குச் சொல்லி வந்திருந்தேன். மாணவன் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாழ்க்கையை மீண்டும் படித்துப் பார்த்தேன். அது வேறொரு கதையாகத் தோன்றிற்று. அதனையே இங்கு எழுதுகிறேன்.

ஹென்றி போர்ட் 1863 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்போர்ன் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையிலே பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியானவர். மகனும் ஏர் பிடிக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். மகனுக்கோ கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதிலேதான் நாட்டம். 1876 இல், 12 வயதில், தாயை இழந்தார். அதே ஆண்டில், குதிரை எதுவும் பூட்டாமல் தன் ஆற்றலாலேயே வீதியில் ஊர்ந்து வந்த ஒரு நீராவி இயந்திரத்தை அச்சிறுவர் கண்டார். தம் வாழ்வின் திசையை மாற்றிய காட்சியாக அதனை முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

16 வயதில் பண்ணையை விட்டு டெட்ரொயிட் நகருக்குச் சென்று இயந்திரத் தொழில் பழகினார். 1888 இல் கிளாரா என்னும் நங்கையை மணந்தார். 1891 இல் எடிசன் பெயரால் நடந்த மின்விளக்கு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் தலைமைப் பொறியியலாளர் ஆனார். அந்த ஆண்டிலேயே, அதாவது 1893 இல், அவருடைய ஒரே மகன் எட்சல் பிறந்தான்.

பகலெல்லாம் நிறுவனத்து வேலை. இரவெல்லாம் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் தம் சொந்த வேலை. 1896 ஜூன் 4 ஆம் நாள் விடியுமுன் அவருடைய முதல் வண்டி முடிந்தது. மிதிவண்டிச் சக்கரங்கள் நான்கின்மேல் அமைந்த எளிய வண்டி. வெளியே கொண்டுவர முயன்றபோதுதான் கொட்டகையின் கதவு வண்டியைவிட ஒடுங்கியது என்பது தெரிந்தது. கோடரியை எடுத்துச் செங்கற்சுவரை இடித்து வண்டியை வீதிக்குக் கொண்டுவந்தார். கதவுக்கு ஏற்ப வண்டியைச் செய்யும் மனிதர் அல்லர் அவர். வண்டிக்கு ஏற்பக் கதவுதான் விலக வேண்டும். அவருடைய பெருமையும் பிற்காலத் துன்பமும் இந்தக் குணத்திலிருந்தே பிறந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் தொடங்கிய இரண்டு நிறுவனங்களும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1903 ஜூன் 16 ஆம் நாள் போர்ட் மோட்டார் நிறுவனம் எழுந்தது. ஐந்து ஆண்டுகள் பல மாதிரிகளைச் செய்து பார்த்தபின், 1908 அக்டோபர் 1 ஆம் நாள் டி மாதிரி வெளிவந்தது. விலை 850 டொலர். செல்வர்களின் விளையாட்டுப் பொருளாயிருந்த மோட்டார் வண்டி அன்றுதான் குடியானவனின் வாசலை நோக்கிப் புறப்பட்டது.

அந்த டி மாதிரியின் பின் அச்சைச் சற்றே நோக்குவோம். பினியனில் 11 பற்கள். கிரவுனில் 40 பற்கள். விகிதம் 3.64. இந்த இரண்டு எண்களுக்கும் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. ஆதலால் ஒரு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் மற்றதன் எல்லாப் பற்களோடும் முறைவைத்துச் சேர்கிறது. தேய்வும் சமமாகப் பரவுகிறது. 20 குதிரைவலுவுள்ள இயந்திரம் நிமிடத்துக்கு 1,600 முறை சுழலும்போது, 30 அங்குலச் சக்கரத்தின்மேல் வண்டி மணிக்கு ஏறக்குறைய 40 மைல் ஓடும். மிச்சிகனின் சமவெளிச் சேற்றுப் பாதைக்கு மிகப் பொருத்தமான தேர்வு அது.

ஆனால் வண்டி மிச்சிகனோடு நிற்கவில்லை. உலகமெங்கும் சென்றது. பிரித்தானியப் பேரரசின் கடல்கடந்த நாடுகளுக்குக் கனடாவிலிருந்த போர்ட் தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் ஏறின. முன்னோக்கிச் செல்ல அவ்வண்டிக்கு இரண்டே நிலைகள். தாழ்ந்த நிலையில் இயந்திரம் 10 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பின்னோக்கிச் செல்லும் நிலையிலோ 14 முறைக்கும் மேல். ஆகவே ஏற்றத்தில் வண்டி திணறும்போது அதனைத் திருப்பி நிறுத்திப் பின்புறமாகவே மலையேற்றுவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. பெற்றோல் தாங்கி முன் ஆசனத்தின் அடியில் இருந்தமையும் இதற்கு மற்றொரு காரணம். பெற்றோல் தானாகவே வழிந்து இயந்திரத்துக்கு வரவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் முன்புறம் உயர்ந்துவிட்டால் அது வராது. மலைநாட்டு மனிதர் மலைக்கு முதுகைக் காட்டி ஏறவேண்டியதாயிற்று.

பொறியியலாளர்கள் இதை அறியாமலில்லை. 1917 இல் வந்த போர்ட் லொறிக்கு 7.25 என்ற விகிதம் அமைத்தார்கள். வேறு நிறுவனத்தார் இரட்டை வேகமுள்ள பின் அச்சுகளைச் செய்து விற்றார்கள். ரக்ஸ்டெல் என்ற பெயருடைய அச்சைப் போர்ட் நிறுவனமே ஏற்றுக்கொண்டு தன் முகவர்கள் மூலம் விற்க இசைந்தது. ஆயினும் வண்டியின் அடிப்படை மட்டும் மாறவில்லை. ஒரே வண்டி, ஒரே இயந்திரம், எல்லா மனிதருக்கும் எல்லாப் பாதைக்கும் அதுவே போதும் என்பது ஹென்றி போர்டின் உறுதி.

அந்த உறுதியால் விளைந்த நன்மையை நாம் மறைக்கலாகாது. ஒரே பொருளைச் செய்ததனால்தான் 1913 இல் நகரும் வரிசை முறையை அவரால் அமைக்க முடிந்தது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்த 12 மணி நேரத்துக்கு மேல் சென்றது போய், 1914 இல் 93 நிமிடங்களே போதும் என்றாயிற்று. விலை ஆண்டுதோறும் இறங்கி, 1925 இல் இருவர் அமரும் வண்டி 260 டொலருக்குக் கிடைத்தது.

ஆனால் வரிசை வேகமாக நகர்ந்தபோது மனிதர்கள் அதில் நிற்க மாட்டாமல் ஓடினார்கள். 1913 இல் 14,000 பேருக்குரிய வேலையை நடத்த 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் ஒரு வியப்பான அறிவிப்பைச் செய்தார். நாளொன்றுக்கு 9 மணி நேர வேலைக்கு 2.34 டொலராக இருந்த கூலி, 8 மணி நேரத்துக்கு 5 டொலராக உயர்ந்தது. உலகமே திகைத்தது. தோட்டத்துக் கூலிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய நம்மவருக்கு அந்த அறிவிப்பின் பெருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எனினும் அந்த 5 டொலரின் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது. தொழிலாளியின் வீடு சுத்தமாக இருக்கிறதா, அவன் குடிக்கிறானா, பணம் சேமிக்கிறானா என்று பார்க்க நிறுவனத்து அதிகாரிகள் வீடு வீடாகச் சென்றார்கள். வாழ்க்கைக்கும் ஒரே அச்சு வார்க்கப்பட்டது. லயத்து வாசலில் துரையின் ஆட்களைக் கண்டு வளர்ந்தவர்கள் இதனையும் நன்கு உணர்வார்கள்.

1912 இல் போர்ட் ஐரோப்பா சென்றிருந்த வேளையில், அவருடைய ஆட்கள் டி மாதிரியைச் சற்றே திருத்தி ஒரு புதிய வண்டி செய்து வைத்திருந்தார்கள். அவர் மகிழ்வார் என்பது அவர்கள் எண்ணம். திரும்பி வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், அதன் கதவுகளைத் தம் கைகளாலேயே பிய்த்தெறிந்தார் என்று அங்கிருந்தோர் பின்னாளில் எழுதி வைத்தார்கள்.

மகன் எட்சல் 1919 இல் நிறுவனத்தின் தலைவரானார். பெயரளவில்தான் தலைமை. மென்மையான குணமும் அழகுணர்ச்சியும் உடையவர். காலம் மாறுகிறது, மக்கள் வேறு வகை வண்டிகளை விரும்புகிறார்கள், மூன்று நிலையுள்ள பற்சக்கரப் பெட்டி வேண்டும் என்று பணிவோடு சொல்லிப் பார்த்தார். தந்தை கேட்கவில்லை. 1926 இல் இதையே எழுத்தில் தந்த உயர் அதிகாரி ஒருவர் வேலையை இழந்தார். போட்டி நிறுவனமோ ஒவ்வொருவரின் பைக்கும் ஏற்ப ஒவ்வொரு வண்டியைச் செய்து முந்திச் சென்றது. முடிவில் 1927 மே 26 ஆம் நாள், 1 கோடியே 50 இலட்சமாவது டி மாதிரி வண்டியைத் தந்தையும் மகனும் சேர்ந்து வெளியே ஓட்டி வந்தார்கள். அத்தோடு அதன் காலம் முடிந்தது. தொழிற்சாலை பல மாதங்கள் மூடிக்கிடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்ததே ஏ மாதிரி. அதற்கு மூன்று நிலைப் பெட்டியும், பாதைக்கேற்பத் தேர்ந்துகொள்ள வெவ்வேறு பின் அச்சு விகிதங்களும் இருந்தன. நான் கராஜில் கண்ட 34 பல் கிரவுனும் 37 பல் கிரவுனும் அவ்வாறு வந்தவையே. அந்த வண்டியின் வடிவில் எட்சலின் கை இருந்தது.

மாற வேண்டும் என்ற பாடத்தை வண்டியில் கற்ற மனிதர் வாழ்க்கையில் கற்றாரா? இல்லை என்றே நான் நினைக்கிறேன். சக்கரத்துக்கு வேண்டிய இறப்பர் அக்காலத்தில் பெரும்பாலும் இலங்கை, மலாயா முதலிய நாடுகளின் தோட்டங்களிலிருந்தே சென்றது. 1922 இல் பிரித்தானியர் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், போர்ட் தமக்கென ஒரு தோட்டம் வேண்டும் என்று பிரேசில் நாட்டுத் தபஜோஸ் ஆற்றங்கரையில் பெருங்காடொன்றைப் பெற்று, 1928 இல் வேலையைத் தொடங்கினார். போர்ட்லாந்தியா என்று அதற்குப் பெயர். இதிலொரு விந்தை உண்டு. 1876 இல் இறப்பர் விதைகள் புறப்பட்டது அந்த ஆற்றுப் பகுதியிலிருந்துதான். அவை இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் வேரூன்றின.

இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர் மரங்களை வரிசையாக நெருக்கி நடலாம், வளரும். ஆனால் தாயகமான அமேசன் காட்டில் இலைகளை அழிக்கும் ஒரு பூஞ்சண நோய் உண்டு. அங்கே மரங்கள் தள்ளித் தள்ளி நின்றால்தான் பிழைக்கும். போர்டின் ஆட்கள் நெருக்கி நட்டார்கள். நோய் மரத்துக்கு மரம் தாவிற்று. மனிதர்களிடத்தும் அவ்வாறே நடந்தது. வெயில் ஏறுமுன் வேலை செய்து நண்பகலில் ஓய்ந்து பழகிய தொழிலாளரை மணியடித்து வேலை வாங்கினார்கள். அவர்கள் உண்ணாத உணவைப் பரிமாறினார்கள். 1930 டிசம்பரில் உணவுச்சாலையில் கலகம் மூண்டது. மேலாளர்கள் படகேறித் தப்பினார்கள். 1945 இல் அந்நிலம் முழுவதும் பிரேசில் அரசுக்கு ஏறக்குறைய இரண்டரை இலட்சம் டொலருக்குக் கைமாறியது. செலவோ 2 கோடி டொலர் அளவில் ஆகியிருந்தது. ஹென்றி போர்ட் ஒருநாளேனும் அங்கு சென்று அந்த மண்ணை மிதித்துப் பார்த்ததில்லை.

முதுமையில் அவருடைய பிடிவாதம் இன்னும் இருண்டது. 1920 முதல் அவருடைய வாரப் பத்திரிகை யூத மக்கள்மீது வெறுப்பைப் பரப்பியது. 1927 இல் அவர் பெயரில் மன்னிப்பு வெளிவந்தும் அக்கறை முற்றாக நீங்கவில்லை. 1937 மே 26 ஆம் நாள், தொழிற்சாலையின் வாசற்பாலத்தில் துண்டுப்பிரசுரம் வழங்க வந்த தொழிற்சங்கத்தினரை நிறுவனத்தின் அடியாட்கள் தாக்கினார்கள். நாட்டின் பிற பெரும் மோட்டார் நிறுவனங்கள் இணங்கிய பின்னர், 1941 இல்தான் அவர் சங்கத்தோடு உடன்படிக்கை செய்தார்.

1943 மே 26 ஆம் நாள் எட்சல் இறந்தார். வயது 49. வயிற்றில் புற்றுநோய். தந்தையும் மகனும் 1 கோடியே 50 இலட்சமாவது டி மாதிரியை ஓட்டி வந்த நாளிலிருந்து சரியாக 16 ஆண்டுகள். ஏறத்தாழ 80 வயதில் முதியவர் மீண்டும் தலைமை ஏற்றார். நினைவு தளர்ந்திருந்தது. 1945 இல், பேரனுக்கு இடம் விடும்படி மனைவியும் மருமகளும் வற்புறுத்திய பின்னரே விலகினார். 1947 ஏப்ரல் 7 ஆம் நாள் இரவு, ஆற்று வெள்ளத்தால் மின்சாரம் நின்றுபோன தம் மாளிகையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், 83 வயதில் உயிர் நீத்தார். மின்விளக்கு நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவரின் கடைசி இரவு, அவர் பிறந்த பண்ணை வீட்டின் இரவுகளைப் போலவே கழிந்தது.

இந்தக் கந்தப்பளையும் அவருடைய காலத்தில் மாறிய ஊர்தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒருகாலத்தில் இரண்டரை அடி அகலப் பாதையில் ஒரு சிறு புகையிரதம் ஏறிவந்தது. மோட்டார் வண்டிகள் பெருகிய 1940 ஆம் ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. இன்று அப்பாதையின் பகுதிகளில் தேயிலையும் வீடுகளும் நிற்கின்றன.

அவரைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. குறை கூறும் தகுதி எனக்கில்லை. நாற்பது பிள்ளைகளைக் கொண்ட வகுப்பை ஒரே வேகத்தில் ஓட்டியவன் நான். பாடத்திட்டம் தவணைக்குள் முடியவேண்டும். என் வகுப்புகள் எப்பொழுதும் முடிந்தன. அதற்காகப் பாராட்டும் பெற்றேன். அந்த மாணவன் விடியற்காலையில் தம்பி தங்கைகளுக்குச் சோறு கொடுத்து, கொழுந்து பறிக்கச் செல்லும் தாயை அனுப்பிவிட்டு, மேல்கணக்கு லயத்திலிருந்து நடந்து வந்து, முதற் பாடத்தில் பாதி கழிந்தபின் வகுப்பில் நுழைவான். நான் அவனை வெளியே நிறுத்தினேன். அவன் வரும் பாதை எது என்று ஒருநாளும் கேட்கவில்லை. எந்தப் பாதை என்ற கேள்வியை, முப்பது ஆண்டுகள் கழித்து, அவனே ஒரு வண்டிக்காகக் கேட்டான்.

அன்று மாலை நான் புறப்படும்போது அவன் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டான். அவனுடைய மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கணக்கு அவளுக்கு ஏறவில்லை. மாலையில் சிறிது நேரம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றான். முடியும் என்றேன். கழற்றி வைத்திருந்த பழைய பற்சக்கரச் சோடியை, உரிமையாளர் வந்து எடுத்துச் செல்லும்வரை எனக்கு இரவல் தரும்படியும் கேட்டேன்.

முதல் நாள் பிள்ளையிடம் புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. 9 பல் சக்கரத்தின் ஒரு பல்லிலும், 34 பல் சக்கரத்தில் அது பொருந்தும் பள்ளத்திலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக் கொடுத்தேன். இரண்டு குறிகளும் மறுபடியும் சந்திக்கச் சிறு சக்கரம் எத்தனை முறை சுற்றவேண்டும் என்பதே கேள்வி. அவள் அன்று விடை சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. விடையைச் சொல்லிவிட என் நாக்கு பலமுறை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை, மழைக்கு ஒதுங்கிய லொறிகளின் இரைச்சலுக்கிடையே, விரலால் ஒவ்வொரு பல்லாய்த் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி 34 என்றாள்.